குளம் தூர் வாரினால் சங்கம் வேண்டாமா?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். எங்கள் நிறுவனம் சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்பு நிதியில் ஊர்க் குளத்தைத் தூர் வாரியது, அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தது. எங்கள் ஆட்களுக்கு கேன்டீன், குழந்தைகள் காப்பகம் எல்லாம் உண்டு. வெளிநாட்டு பையர்கள் வேலை நிலைமையைச் சோதிக்க நடத்தும் ஆடிட்டிலும் தேறிவிட்டோம். இவ்வளவு செய்யும் இடத்தில் தொழிற்சங்கம் எதற்கு? 1984 போல இன்னொரு ஸ்டிரைக்கைத் திருப்பூர் தாங்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெருமாநல்லூர்.

பதில்: குளத்துக்கு முதலில் நன்றி. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, ஒரு குளத்தில் நல்ல தண்ணீர் நிற்பதன் அருமை தெரியும். ஆனால் அந்தக் குளத்தையும் உங்கள் தையல் ஹாலையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். சட்டமே அப்படி எழுத விடாது.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்தத் தொழிலாளருக்கு மட்டும் பயன்படும் செலவு அதில் சேராது என்று விதிகளில் இருக்கிறது. வேறு சட்டப்படி செய்தே ஆகவேண்டியதும் சேராது. பிஎஃப்புக்கு முதலாளி கட்டும் 12 சதவீதமும் இஎஸ்ஐக்குக் கட்டும் 3.25 சதவீதமும் கடமை. காப்பகமும் அப்படித்தான். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தால் கேன்டீன் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவிட்டது. அதைப் போட்டோ எடுத்து சிஎஸ்ஆர் புத்தகத்தில் போடும்போது, பாக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தர்மம் செய்ததாகச் சொல்வது போல ஆகிவிடுகிறது.

சரி, ஆடிட்டுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். ஆடிட் நாளில் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தைய நாளே பாடம் நடப்பதை, பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு மணி நேர வேலைதான், ஓவர்டைம் இரட்டைக் கூலி, சூப்பர்வைசர் திட்டுவதில்லை என்பதுதான் அந்தப் பாடம். ஆடிட்டர் சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடுவார். பதில் சொன்ன பெண் மறுநாள் அதே சூப்பர்வைசர் முன்னால் உட்கார வேண்டும். பிறகு எப்படி உண்மை வரும்?

2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. அந்த ஆலை எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பூட்டிய கதவைத் தினமும் பார்த்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள்தான். அதைச் சொல்ல அவர்களுக்கு ஓர் அமைப்பு இல்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், பெரிய வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்த ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டார். அங்கிருந்த சூப்பர்வைசர் கைதானார். எத்தனையோ கம்பெனிகளில் இருப்பது போன்ற நடத்தை விதிகள் அங்கேயும் இருந்தன. அதன் பிறகுதான், பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, ஆலை மீறினால் பிராண்டுகள் நடவடிக்கை எடுக்கும் கட்டாயம் என்று அதில் எழுதிக் கையெழுத்தானது. நடத்தை விதியைக் கம்பெனி தானே எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். இந்த ஒப்பந்தத்தில் எதிர்த் தரப்பில் கையெழுத்துப் போட ஒரு சங்கம் இருந்தது.

அந்த இளம்பெண் கொல்லப்பட்ட ஜனவரிக்குச் சரியாக 75 ஆண்டுகளுக்கு முன்னால், 1946 ஜனவரி 8 அன்று, கோவைச் சிறையில் சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு மில் பெண் தொழிலாளிக்கு நடந்த கொடுமையில் தொடங்கிய மோதல் அங்கே போய் முடிந்தது. இந்த இரண்டு ஜனவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1984 பற்றிக் கேட்டீர்கள். விலைவாசி உயர்வுக்கு ஈடாகத் தரும் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த ஸ்டிரைக் அது. நாலு மாதத்துக்கு மேல் கூலி இல்லாமல் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் கிடந்தது என்பதை யாரும் லேசாக நினைக்க முடியாது. அப்படி ஒன்று மறுபடி வரக்கூடாது என்று நானும் விரும்புகிறேன். வராமல் இருக்கத்தான் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். பனியன் தொழிலுக்கு முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசிக் கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். உங்கள் கம்பெனியில் சங்கமே இல்லாவிட்டாலும், ஷிப்ட் கூலி பேசும்போது உங்கள் கணக்கு அந்த ஒப்பந்தத்திலிருந்துதானே தொடங்குகிறது?

அப்புறம் இன்னொன்று. நம் பக்கத்தில் சங்கம் இல்லாதவர் யார்? மில் முதலாளிகள் 1933-லேயே கோவையில் சைமா என்ற தங்கள் சங்கத்தை வைத்துக்கொண்டார்கள். ஏற்றுமதியாளர்களுக்குச் சங்கம் உண்டு. உங்கள் பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்டு துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டது, சங்கமாக நின்றுதான். அவர்களுக்கு நாம் மாலை போடுகிறோம், போட வேண்டும். அந்த விவசாயியின் பேத்தி இன்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கலாம். அவள் சங்கம் என்று சொன்னால் மட்டும் ஏன் வேலை போகிறது?

ஒன்று செய்யுங்கள். பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் உறுப்பினர் பெயர்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொல்கிறது பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம். நாளைக்கு ஷிப்ட் தொடங்கும் முன் உங்கள் பலகையைப் பாருங்கள். பெயர்கள் இருக்கின்றனவா, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் படிக்கும் மொழியில் இருக்கின்றனவா, வரிசையில் தைக்கிற பெண் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கிறாரா? பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.