இரத்தக் குழாய் நோயிலும் சீரமைப்பிலும் ஸ்டெம் செல்களின் பங்கு என்ன?

தன்னைப் போன்ற செல்களைப் பெருக்கிக்கொள்ளவும், தேவைப்படும்போது வேறு வகைச் செல்லாக மாறவும் வல்ல மூலச் செல்லே ஸ்டெம் செல்; தமிழில் குருத்தணு என்றும் சொல்வர்.

இரத்தக் குழாயின் உட்புறத்தை மூடியிருப்பவை ஒரே அடுக்கிலான செல்கள்தாம். உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவற்றால் அந்த அடுக்கு சேதமடையும்போது, அக்கம்பக்கத்துச் செல்கள் பெருகி அவ்விடத்தை மூடுகின்றன. இதற்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்களும் துணைசெய்கின்றன. இத்தகைய முன்னோடிச் செல்கள் (குழாயின் உட்சுவர்ச் செல்லாக மாறக்கூடியவை எனக் கருதப்பட்ட செல்கள்) இரத்தத்தில் இருப்பதாக 1997இல் அசஹாரா என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவித்தபோது, அவையே புதிய சுவராக மாறுகின்றன என்று கருதப்பட்டது. பிந்தைய ஆய்வுகளோ, அவற்றுள் பல, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து மற்ற செல்களுக்கு உதவுபவை மட்டுமே என்று காட்டின. பூச்சு பெயர்ந்த சுவரைச் சரிசெய்யும் கொத்தனாராக அன்றி, அவருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாளாகவே அவை இருக்கின்றன எனலாம்.

சீரமைப்பே நோயாவதும் உண்டு. என் பார்வையில் கூடுதல் கவனத்துக்குரியது இதுதான். காயத்துக்குப் பின் சுவரின் நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து அளவுமீறிப் பெருகினால் குழாய் குறுகிவிடுகிறது, ஸ்டென்ட் (குழாயை விரித்துத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த இடம் மீண்டும் அடைபடுவதற்கு இது முக்கியக் காரணம். சுவரின் வெளி அடுக்கிலுள்ள மூலச் செல்களும் இத்தகைய தசைச் செல்களாக மாறக்கூடும் என்பது எலிகளில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் அடைப்பு கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் படிந்த கொழுப்பை அச்செல்கள் கரைப்பதில்லை, இதயக் குழாய் அடைப்புக்கான வழக்கமான சிகிச்சையாகவும் அது ஏற்கப்படவில்லை.