ஜிபிஎஸ் ஒரு உயரம், சீட் திரை இன்னொரு உயரம்: விமானியிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சென்னை–டெல்லி விமானத்தில் அடிக்கடி போகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் ஜிபிஎஸ் பார்ப்பது பழக்கம். அது காட்டும் உயரத்துக்கும் முன்சீட்டுத் திரை காட்டும் உயரத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உயரக் கணக்கு தப்பாகி பாரிஸில் ஒரு விமானம் தரையில் மோதப் பார்த்தது என்று படித்ததிலிருந்து பயம். இறங்கும்போது வித்தியாசம் தெரிந்தால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம்.

விமானத்தின் ஆல்டிமீட்டர் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து அடிக்கணக்கில் காட்டுகிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரி இருக்கும் ஒரு மாதிரி வளிமண்டலத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் பக்கத்துச் சூட்டில் காற்று விரிந்து நிற்பதால், கருவி 35,000 அடி என்னும்போது ஜிபிஎஸ் ஆயிரம் அடிக்கு மேல் கூட்டிச் சொல்வது சகஜம். அருகில் பறக்கும் எல்லா விமானங்களுக்கும் இதே கணக்குதான் என்பதால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி கெடாது. கைபேசிக்கும் ஒரு கோளாறு உண்டு: சில செயலிகள் மெரினாவில் நிற்பவரையே கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 90 மீட்டரில் காட்டும். பூமியை ஒழுங்கான நீள்கோளமாக வைத்து அவை கணக்கிடுகின்றன. நம் பகுதியில் உண்மையான கடல்மட்டம் அதைவிட அவ்வளவு தாழ்ந்திருக்கிறது.

தப்பு நடக்கும் இடம் வேறு. உயரத்தில் எல்லோரும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது எண்ணை வைத்துப் பறப்பார்கள். இறங்கும்போது அந்தந்த விமான நிலையத்தின் அன்றைய அழுத்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். கியூஎன்எச் என்பது இந்த எண்தான். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 28 அடி பிசகும்.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் நடந்தது இதுதான். ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320க்கு, 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டார் கட்டுப்பாட்டாளர். விமானிகளும் அதையே திருப்பிச் சொன்னார்கள், யாருக்கும் உறைக்கவில்லை. கருவி காட்டியதைவிட விமானம் ஏறக்குறைய 280 அடி தாழ்வாக வந்தது. ஐஎல்எஸ் என்ற தரையிறங்க வழிகாட்டும் கருவி வேலை செய்திருந்தால் தரையிலிருந்து வரும் ரேடியோக் கற்றை சரியான பாதையில் இறக்கியிருக்கும். அன்று அது நிறுத்தப்பட்டிருந்தது. மாற்றாகப் பயன்படுத்திய முறையில் இறங்கு பாதையும் அதே ஆல்டிமீட்டரை நம்பியே கணக்கிடப்படுகிறது. அதனால் தப்பான பாதையில் போய்க்கொண்டிருந்தபோதே விமானிகளின் திரையில் எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. விமானத்திலிருந்த தரை எச்சரிக்கைக் கருவியும் வாய் திறக்கவில்லை. மழை, மேகம், ஓடுபாதை கண்ணில் படவில்லை என்று விமானிகள் மறுபடி மேலே கிளப்பினார்கள். ஓடுபாதைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்த இடத்தில், தரைக்கும் விமானத்துக்கும் இடையே 6 அடிதான் மிஞ்சியிருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது அடுத்து நடந்தது. இரண்டாவது முறையும் அதே தப்பான எண்ணோடுதான் வந்தார்கள். இந்தத் தடவை ஓடுபாதை தெரிந்ததால் பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

எண் சரியாக இருந்தும் சொன்ன உயரத்தில் நிற்காமல் இறங்குவது இன்னொரு வகை. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அது அதற்கும் கீழே இறங்கி, எதிரே 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தோடு ஹரியானாவின் சார்க்கி தாத்ரி அருகே மோதியது. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

சரி, பயணியாக நீங்கள் என்ன செய்யலாம்? இறங்கும் நேரத்தில் விமானம் திடீரென்று மேலே கிளம்பினால் கலங்காதீர்கள். அதன் பெயர் கோ-அரவுண்ட். சந்தேகம் வந்தால் செய்யச் சொல்லிப் பழக்கிய வேலைதான் அது. சீட்டில் இருங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். ஜிபிஎஸ்ஸை வேடிக்கை பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் 10,000 அடிக்குக் கீழே பாதுகாப்புக்குத் தேவையானதைத் தவிர வேறு எதையும் விமானிகளின் காதில் போடக்கூடாது என்பது விதி. செயலி காட்டும் எண் அந்தப் பட்டியலில் வராது. எஞ்சினில் தீ, கேபினில் புகை, இறக்கையிலிருந்து ஏதாவது ஒழுகுவது கண்ணில் பட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் விழுந்த போயிங் 737இல், இடது எஞ்சினில் பொறி பறந்ததைப் பின்பக்கம் பலர் பார்த்திருந்தார்கள். வலது எஞ்சினில்தான் கோளாறு, அதை அணைத்துவிட்டோம் என்று கேப்டன் அறிவித்தபோது, அவரிடம் போய் யாரும் சொல்லவில்லை. 47 பேர் இறந்தார்கள்.