ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்தால் தூக்கிப் போடாதே, தம்பி

ஸ்காட்லாந்தில் இருக்கிற டண்டீயில் படிக்க வந்து மூன்று மாதமான திருப்பூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய துணிக்கடையில் 12 பவுண்டுக்கு வாங்கிய கம்பளி ஸ்வெட்டரில் முழங்கையில் ஒரு பெரிய ஓட்டை, வயிற்றுப் பக்கம் இரண்டு சின்ன ஓட்டை. கூடப் படிக்கிற வெள்ளைக்காரப் பெண் பச்சை ஸ்வெட்டரில் மஞ்சள் நூலால் கட்டம் கட்டமாகத் தைத்துப் போட்டு வருகிறாள், எல்லோரும் பாராட்டுகிறார்கள். "நானும் அப்படித் தைத்துப் போடலாமா அக்கா, இல்லை பஞ்சத்தில் அடிபட்டவன் என்று நினைப்பார்களா? எங்கே கற்றுக்கொள்வது?"

தைக்கலாம். ஆனால் யார் என்ன நினைப்பார்கள் என்பதை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் நான் எடின்பரோவுக்கு வந்த புதிதில் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

நம் ஊரில் டார்னிங் கடைக்குத் துணியைக் கொடுத்தால், கிழிந்த இடம் எது என்று நாமே தேடும்படி தைத்துத் தருகிறவர்தான் கெட்டிக்காரர். என் அம்மா எங்கள் பள்ளிச் சட்டைகளை அப்படித்தான் உள்பக்கமாகத் தைப்பார். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பார். கந்தை என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல மாட்டார், அது எங்களுக்கே தெரியும். அந்தப் பழக்கத்தோடு வந்த எனக்கு, வேலை செய்த இடத்தில் ஒருவர் சாம்பல் நிற ஸ்வெட்டரில் செக்கச்சிவப்பாக இழையோட்டிப் போட்டு வந்ததைப் பார்த்ததும் ஒரே ஆச்சரியம். இரண்டு வாரத்தில் நானும் தைத்துக்கொண்டு பெருமையாகக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாள், நல்ல மனதோடுதான், தங்கள் தேவாலயத்தில் சனிக்கிழமைகளில் இலவசமாகக் கோட்டு கொடுக்கிறார்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இப்போது சிரிக்கிறேன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஒரே தையல்தான், ஆனால் போடுகிற ஆளைப் பொறுத்து அது ரசனையாகவும் தெரியும், இல்லாமையாகவும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு, அதுவும் நம் நிறத்தில் இருப்பவர்களுக்கு, இரண்டாவதாகத் தெரிய வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் கல்லூரிக்கு, கடைக்கு, நண்பர்கள் வீட்டுக்குத் தாராளமாகப் போட்டுக்கொள். பகுதிநேர வேலைக்கு நேர்காணலுக்கோ வாடகைக்கு வீடு பார்க்கவோ போகும்போது மட்டும் வேறு ஒன்றைப் போட்டுக்கொண்டு போ. இது நியாயமா என்று கேட்காதே, நியாயமில்லை.

நிறத்தில் ஒரு விஷயம். அரைகுறையாக ஒத்துப்போகிற நிறம்தான் இருப்பதிலேயே மோசம், ஒளிக்கப் பார்த்துத் தோற்றுப்போன மாதிரி இருக்கும். ஒன்று, அச்சாக அதே நிறத்தில் நூல் தேடிப் பிடி. இல்லையென்றால் துணிந்து வேறு நிறம் எடுத்து, ஓரங்கள் நேராக நிற்கும்படி சதுரமாகத் தை. சதுரமாக இருந்தால் வேண்டுமென்றே செய்தது என்று யாருக்கும் புரியும்.

இனி கைவேலை. நீ திருப்பூர்க்காரன் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். உன் ஸ்வெட்டர் பெரிய கண்ணி, அதாவது பின்னல் வளையம், போட்ட சிங்கிள் ஜெர்சி (பனியன் துணியின் அதே பின்னல்), மணிக்கட்டுப் பட்டை ரிப் (இழுபடுகிற வரிப் பின்னல்), அவ்வளவுதான். பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி ஓடிக்கொண்டே போவதை நீ பார்த்திருப்பாய். கம்பளி அவ்வளவு வேகமாக ஓடாது, இழைகள் சொரசொரப்பாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்; ஆனாலும் துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். அதனால் தைக்க நேரம் இல்லாவிட்டாலும், ஓட்டையைப் பார்த்த அன்றே அவிழ்ந்து நிற்கிற கண்ணிகளில் ஒரு நூலைக் கோத்து வைத்துவிடு. விளிம்பைக் கத்தரித்துச் சீராக்கலாம் என்று தோன்றும், தொடாதே.

வயிற்றுப் பக்கத்துச் சின்ன ஓட்டைகளுக்கு நெசவு மாதிரி இழையோட்டினால் போதும். அடியில் வைத்துப் பிடிக்கக் காளான் வடிவத்தில் மரக்கட்டை விற்கிறார்கள். நான் பல வருடம் குழிக்கரண்டியின் முதுகை வைத்துத்தான் தைத்தேன், கைப்பகுதிக்கு எவர்சில்வர் டம்ளர் இன்னும் வசதி. ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி, நல்ல துணியில் தொடங்கு. முதலில் மேலும் கீழுமாகப் பாவு ஓட்டு, பிறகு குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாக ஊடை. நூலை இழுத்துக் கட்டாதே. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சின்ன வளையம் தளர்வாக இருக்கட்டும், துவைத்தால் கம்பளி நூல் சுருங்கும். நான் முதல் தடவை பட்டன் தைக்கிற நூலால் இறுக்கி இழுத்துத் தைத்தேன், துணி சுருங்கிக் கொப்பூழ் மாதிரி ஆனது, பத்து நாளில் அதன் பக்கத்திலேயே புது ஓட்டை.

நூல் விஷயத்தில் கம்பளிக்குக் கம்பளிதான், பருமனும் அதே அளவு, அல்லது ஒரு சுற்று மெல்லியது. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு எம்பிராய்டரி நூலை வெள்ளை ஸ்வெட்டரில் போட்டு, முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி நெஞ்செல்லாம் ரோஸ் நிறமான கதையும் என்னிடம் உண்டு. அடர்நிற நூல் என்றால் அந்த நூலில் கொஞ்சம் வெட்டி, ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடு.

முழங்கைதான் கஷ்டமான இடம். இப்படி நெய்த ஒட்டு பின்னல் துணி மாதிரி இழுபடாது, கையை மடக்க மடக்க ஓரங்களில் இழுக்கும். உள்ளங்கை அளவு ஓட்டை என்றால், ஓட்டைக்குக் கீழே நல்லதாக இருக்கிற ஒரு வரிசைக் கண்ணிகளைப் பின்னல் ஊசியில் எடுத்து, அங்கிருந்தே மேல்நோக்கிப் புதுத் துணி பின்னி, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் பக்கத்துத் துணியோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பின்னத் தெரிய வேண்டும், உனக்கு இப்போதைக்கு வேண்டாம். அதைவிடச் சின்னது என்றால் ஸ்காட்ச் டார்னிங் என்று ஒன்று இருக்கிறது: குறுக்கே ஒரு நூலை ஓட்டி, அதையும் மேல் வரிசையையும் சேர்த்துப் பிடித்துக் காஜா தையல் மாதிரி வரிசை வரிசையாக இறங்குவது. தடிப்பாக வரும், தேய்மானத்தைத் தாங்கும்.

அப்புறம், ஓட்டை விழாத இன்னொரு முழங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். நிச்சயம் மெலிந்திருக்கும். அங்கே ஒவ்வொரு கண்ணியின் மேலும் அதன் வழியிலேயே நூலை ஓட்டுகிற சுவிஸ் டார்னிங் போடு, பின்னியபோதே அந்த நிறத்தில் பின்னின மாதிரி இருக்கும். நான் அதிகம் செய்வது இதுதான். பொறுமை வேண்டும், ஆனால் தப்பு நடக்க வாய்ப்பு குறைவு, பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் புது ஃபேஷன் என்று நினைத்துவிடாதே. இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, போர் முடிந்த பிறகும், 1941 ஜூன் 1 முதல் 1949 மார்ச் வரை இந்த நாட்டில் துணிக்கு ரேஷன். 1943இல் அரசாங்கமே இருப்பதைத் தைத்துச் சமாளிக்கச் சொல்லிக் கையேடு போட்டது. ஆனால் என் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் அம்மாவைப் பற்றியே சொல்கிற மாதிரி இருக்கும்: தெரியாமல் தைப்பதுதான் கௌரவம். வேண்டுமென்றே தெரியும்படி தைப்பது சமீபத்தில் பரவியது, பிரைட்டனில் இருக்கிற டாம் வான் டெய்னன் என்ற டச்சுக்காரர் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். உன் பக்கத்துக் கடற்கரை மீனவர்கள் போட்ட கேன்ஸி ஸ்வெட்டர்களில் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுக்குக் கீழ்நோக்கிப் பின்னுவார்கள். பட்டை நைந்துபோனால் அதை மட்டும் அவிழ்த்து மறுபடி பின்னிக்கொள்ளலாம். எனக்கு இந்த ஒட்டுகளையெல்லாம்விட அந்த யோசனைதான் பெரிதாகப் படுகிறது.

கற்றுக்கொள்ள ரிப்பேர் கஃபே போ. பழுதான பொருளைக் கொண்டுபோனால், தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்யச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கியது, இப்போது பல ஊர்களில் உண்டு. நூலகத்தில் கேட்டால் உன் பக்கத்தில் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். ஆண்பிள்ளை ஊசியோடு உட்கார்ந்தால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதே, கெட்டிலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பக்கத்து மேசையில் இருப்பவர் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடாதே என்று அம்மா சொன்னால், டிசம்பரில் இங்கே மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று சொல்லிப் பார், என் அம்மா அதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார். ஊசி வாங்கும்போது முனை மழுங்கியதாக, காது பெரிதாகப் பார்த்து வாங்கு. கூர் ஊசி இழையைக் கிழித்துக்கொண்டு போகும்.

முக்கியமானதை மறந்துவிட்டேன். வயிற்றுப் பக்கத்துச் சின்ன ஓட்டைகள் தேய்மானத்தால் வருகிற இடமில்லை, அந்துப்பூச்சியாகத்தான் இருக்கும். பறக்கிற பூச்சி தின்னாது, அதன் புழுதான் கம்பளியைத் தின்னும், வியர்வையும் குழம்புக் கறையும் இருந்தால் இன்னும் பிடிக்கும். அதனால் தைப்பதற்கு முன் ஸ்வெட்டரைக் கையால் துவைத்து நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் மைனஸ் 18இல் வை. அலமாரியில் இருக்கிற மற்ற கம்பளித் துணிகளுக்கும் அதே கதிதான். பையின் மேல் என்னவென்று எழுதி ஒட்டு. நான் எழுதாமல் வைத்து, அறைத்தோழி அதைக் கறி என்று நினைத்து வெளியே எடுத்து ஒரு ராத்திரி முழுக்க உருக வைத்துவிட்டாள், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.