வாசகர் கேள்வி–பதில்: செல்போனைக் கடைசியில் கொடுங்கள், டீச்சர்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தனுஷ்கோடிப் புயலைப் பற்றிப் பிள்ளைகளே தேடிப் படித்து மூன்று நிமிட வீடியோ செய்யட்டும் என்று குழுக்களாகப் பிரித்து விட்டேன். வந்ததெல்லாம் ஒரே அச்சு: சோக இசை, இணையத்தில் சுட்ட படங்கள், விக்கிப்பீடியாவை அப்படியே ஒப்பிக்கும் குரல். எதை மாற்றுவது?

பதில்: வரிசையை மாற்றுங்கள், டீச்சர். போனைக் கையில் கொடுத்துவிட்டுத் தலைப்பைச் சொன்னால் பிள்ளைகள் படத்தைத்தான் தேடுவார்கள், பெரியவர்களும் அதைத்தான் செய்வோம். ‘தனுஷ்கோடிப் புயல்’ என்பது தலைப்புதான், கேள்வி இல்லை. புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள், ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மறுபடி போடவே இல்லை, ஏன்? இது கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனால் 1914-ல் அந்த மணல் திட்டுக்கு எதற்கு ரயில் விட்டார்கள் என்று பார்த்தாக வேண்டும், எழும்பூரில் ‘போட் மெயில்’ ரயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து திரும்ப ரயிலில் கொழும்பு போன கதை முழுக்கத் தானாக வந்து விழும்.

அடுத்தது, உங்கள் பிள்ளைகளின் வீடியோவில் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழுகிறதா என்று பாருங்கள். பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அலையில் போனது பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பன் ஸ்டேஷன் ராமேஸ்வரம் தீவுக்குள் இருக்கிறது, அங்கிருந்து கிளம்பிய வண்டிக்குப் பாலத்தில் என்ன வேலை? இதை நீங்கள் சொல்லாதீர்கள். மேப்பை விரித்து வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள், யாராவது ஒரு வாண்டு “டீச்சர், அப்போ பாலத்துல எப்படி விழும்?” என்று கேட்கும். கேட்ட குழுவுக்கு அதுவே வீடியோவின் முதல் காட்சி.

எண்ணிக்கையும் அப்படித்தான். ரயிலில் 115 பேர் என்று ஓர் இடத்தில் இருக்கும், டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்று இன்னோர் இடத்தில் இருக்கும். 1,800 சாவு என்பதைச் சிலர் தனுஷ்கோடிக்கு மட்டும் எழுதுகிறார்கள், சிலர் இலங்கைப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று நோட்டில் எழுதி, ‘இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்’ என்று வீடியோவிலேயே பேசட்டும். என்னைக் கேட்டால் வரலாறு பாடம் என்பதே அந்த இடம்தான், மற்றதெல்லாம் தேதி.

அப்புறம் பெரியவர்கள். அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும், ராமேஸ்வரம் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். “புயலைப் பத்திச் சொல்லுங்க தாத்தா” என்றால் டிவிக்குச் சொல்கிற மாதிரி நாலு வரி சொல்லி முடித்துவிடுவார். “அன்னைக்கு ராத்திரி வீட்டுல என்ன சாப்பாடு? யாரெல்லாம் இருந்தீங்க?” என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும், அவர் கலங்கினால் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் முடிந்த பிறகு போன். முதலில் எழுதியதை வாசித்துக் குரலைப் பதியட்டும், படத்தை அதற்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்கு முன்னால் நின்று பேச ஆசைப்படுவார்கள், அந்தக் காற்றில் ‘உய்ய்’ என்பதைத் தவிர ஒன்றும் கேட்காது. குரலை வகுப்பறையில், ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதியுங்கள். ஏஐ-யில் செய்த புயல் படம் வேண்டாம். விட மாட்டேன் என்றால் ‘இது கற்பனைப் படம்’ என்று மேலேயே எழுதட்டும்.

கேள்வி: எங்கள் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் இப்படிச் சொல்ல என்ன இருக்கிறது? கோயில்கூடப் பழசு இல்லை. (எட்டாம் வகுப்பு மாணவனின் அப்பா)

பதில்: நடுகல், அதாவது செத்த வீரனுக்கு நட்ட கல், இருக்கிறதா என்று பாருங்கள், சார். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அவை ஏராளம். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு சண்டையிட்டுச் செத்தவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஓர் ஆள் நிற்பான். சில கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும் உண்டு. எழுத்து தெரியவில்லை என்று பையன் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கக் கூடாது. சாயங்காலம் இருட்டியதும் போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் படுக்கை வசத்தில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், பகலில் மழுங்கித் தெரிந்த வரி நிழல் விழுந்து எழும்பி நிற்கும். அந்தப் படத்தை மாவட்ட அருங்காட்சியகத்தில் கொண்டு போய்க் காட்டிக் கேட்கலாம். அதற்கு முன்னால், அந்தக் கல்லுக்கு ஊரில் யார் பொங்கல் வைக்கிறார்கள், என்ன பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன்.