மறுமொழி: ரங்கூன் பேரேடுகள் ஈரமாகிவிட்டன, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாமா?

அண்ணே, ஐயா காலத்து ரங்கூன் கணக்குப் பேரேடும் கடிதக் கட்டும் வீட்டு ரெண்டாங்கட்டு ஒழுக்குல நனைஞ்சு ஒட்டிக்கிடக்கு, பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வளவு (முற்றம்) வெயில்ல காயப்போடாதீங்க, தாள் சுருண்டு நொறுங்கும். நிழல்ல, மின்விசிறிக் காத்துல வைங்க. ஒட்டின பக்கத்தை இழுத்துப் பிரிச்சா மை உரிஞ்சு வந்துடும். அதைப் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துல உள்ளவங்க பாத்துக்கட்டும். செல்லோடேப், லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

கட்டைப் பிரிச்சுத் தேதிவாரியா அடுக்கவும் வேண்டாம். எந்தக் கடிதத்தோட எந்த ரசீது இருந்துச்சுங்கிறதே ஆவணக்காப்பகத்துக்குத் தகவல். உறை மூலையில பென்சிலால எண் மட்டும் போடுங்க. முறைச்சிட்டையை (விசேஷங்கள்ல செஞ்ச சீர், முறை எழுதின சிட்டை) அற்பம்னு கழிச்சுடாதீங்க (ஆய்வாளருக்கு அதுதான் விருந்து!).

கொடுக்கும்போது பதிப்புரிமை யாருக்கு, சொந்தக் கடிதங்களை எத்தனை வருஷம் மூடிவைக்கணும், ஸ்கேன் பிரதி உங்களுக்கு உண்டா, மூணையும் எழுத்துல வாங்கிக்கங்க.