க்ரீம் போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது

கேள்வி: எனக்கு 36 வயது. நான்கு மாதமாக வெள்ளைப்படுதலும் தாங்க முடியாத அரிப்பும் இருக்கிறது. திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாகப் படுகிறது, வாடை இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைப் போட்டால் அடங்குகிறது; விட்டால் பத்தே நாளில் திரும்பிவிடுகிறது. தினமும் கிருமிநாசினி கலந்த வெந்நீரில் உள்ளே வரை கழுவுகிறேன். "உடம்பு சூடு, எலும்பு உருகுது" என்கிறார் மாமியார். கணவருக்கும் மருந்து தர வேண்டுமா?

பதில்: எலும்பு உருகி வெள்ளைப்படுவதில்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகப் படுவது இயல்பு. அரிப்பு, எரிச்சல், வாடை, நிறமாற்றம் சேர்ந்தால்தான் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்வது கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று மாதிரி இருக்கிறது. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் பட்டால் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்துப் பட்டால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி மேல் சந்தேகம் வரும். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய நானே துணிய மாட்டேன். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ட்ரைக்கோமோனாஸ் துடித்து நீந்துவது தெரியலாம். பூஞ்சை என்றால் கிளைவிட்ட நூலிழை போல இருக்கும். சில நிமிட வேலைதான், வலிக்காது.

அந்த க்ரீம்தான் எனக்குக் கவலை. கடையில் அரிப்புக்கு என்று தரும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை அமுக்கிவிடும், பூஞ்சையோ உள்ளே தங்கி வளரும். அதை நிறுத்திவிடுங்கள். கிருமிநாசினிக் கழுவலும் வேண்டாம். யோனிக்குக் காவலாக இருக்கும் நல்ல பாக்டீரியாவை அது கொன்றுவிடும். வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும்.

அப்புறம், சர்க்கரை. திரும்பத் திரும்பப் பூஞ்சை வரும் பெண்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைதான். இந்த அரிப்பை வைத்தே சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பூஞ்சை என்று உறுதியானால் க்ளோட்ரிமசோல் மாத்திரையை இரவில் உள்ளே வைக்கச் சொல்வார்கள், அல்லது ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் தருவார்கள். ஒருமுறை வந்து போவதற்கு ஒரு மாத்திரை போதும். உங்களைப் போல அடிக்கடி வந்தால் வாரம் ஒன்றாக ஆறு மாதம் வரை தேவைப்படலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் ஃப்ளுகோனசோல் வேண்டாம். மற்ற இரண்டு தொற்றுக்கும் மெட்ரோனிடசோல். அதை ஏழு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

கணவர் விஷயம்: பூஞ்சைக்கு, அவருக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் மருந்து போதும். ட்ரைக்கோமோனாஸ் என்றால் அவரும் கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கே திரும்ப வரும்.

அடிவயிற்று வலியோடு காய்ச்சல், உறவுக்குப் பின் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் நாளைக்கே போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரம் தள்ளாதீர்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். போகும்போது அந்த க்ரீம் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.