சைட் (குறிபார்க்கும் கருவி) இல்லாத வில்: கேள்வி பதில்

கே: 20 மீட்டரில் ஒரு நாள் அம்புகள் நடுவில் கூடுகின்றன. மறுநாள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. வில்லை மாற்ற வேண்டுமா?

ப: வில்லைக் குறை சொல்லாதீர்கள். மேலும் கீழுமாகப் போனால் நாணை எவ்வளவு இழுக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். வில்லில் எழுதியுள்ள பவுண்டு வழக்கமாக 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, மூன்று பவுண்டு விசை போய்விடும், அம்பும் இறங்கிவிடும். கை களைத்தால் யாருக்கும் இழுப்பு குறையும்.

அதற்குத்தான் ஆங்கர், அதாவது இழுக்கும் கை ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்பது. நடுவிரல் நுனி வாயோரத்தைத் தொடட்டும். கூடவே தாடையில் இன்னொரு இடத்தையும் கை தொட்டால் இன்னும் உறுதி. பற்களைச் சேர்த்தே வையுங்கள். வாய் லேசாகத் திறந்தாலும் ஆங்கர் கீழே இறங்கிவிடும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தொட்ட உடனே விடாமல், தோள்பட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே விரல்களைத் தளர்த்துங்கள். இலக்குத் தாளை எடுத்துவிட்டு, மூன்று நான்கு மீட்டரில் வெறும் வைக்கோல் தடுப்பில் எய்து பழகுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தாள் இருந்தால் கண் அங்கே போய்விடும், கையைக் கவனிக்க மாட்டீர்கள்.

அப்புறம், நாணில் அம்பு மாட்டும் இடத்தில் நூல் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

கே: வலது கைக்காரன். என் அம்புகள் ஒன்றாகத்தான் கூடுகின்றன, ஆனால் இலக்குக்கு இடப்பக்கத்தில்.

ப: கூடுகிறதே, பாதி வேலை முடிந்தது! அம்புத் தண்டு வில்லுக்கு மிஞ்சிய விறைப்பாக இருக்கலாம். முனையில் கொஞ்சம் எடை கூட்டிப் பாருங்கள். தண்டு வாங்கும்போது ஸ்பைன் எண்ணை (தண்டு எவ்வளவு வளையும் என்று காட்டும் எண்) பாருங்கள்: 500-ஐ விட 600 வளைந்து கொடுக்கும். இதற்காகக் குறியை வலப்பக்கம் தள்ளாதீர்கள்.

கே: உள்ளுணர்வால் எய்வதா, அம்பு நுனியைப் பார்த்து எய்வதா?

ப: ஆரம்பத்தில் நுனியைப் பாருங்கள். நுனியை நேரே நடுவில் வைத்தால் நடுவிலேயே படும் தூரம் ஒன்று உண்டு. அதைவிடக் கிட்டே நின்றால் நுனியைக் கீழே வைக்க வேண்டும். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்து இழுத்தால் அம்பு கண்ணுக்கு நெருங்கும், நுனிக்கும் நடுவுக்கும் உள்ள இந்த இடைவெளியும் குறையும்.

கே: கொரிய வில்லும் வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பழகலாமா?

ப: இப்போதைக்கு வேண்டாம். அதில் கட்டைவிரலால் இழுக்க வேண்டும், வலது கைக்காரருக்கு அம்பு வில்லின் வலப்பக்கம் வரும். அங்கே இலக்கு 145 மீட்டரில் இருக்கும். ஒன்று படியட்டும்.

கே: 50 பவுண்டு வில் வாங்கலாமா?

ப: 25, 30-இல் தொடங்குங்கள். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த வில்களில் பல 100 பவுண்டைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சரி, அந்த வில்லாளிகள் சிறுவயதிலிருந்தே இழுத்துப் பழகியவர்கள். ஆங்கரில் மூன்று விநாடி நடுங்காமல் நிறுத்த முடியாத வில் உங்களுக்கு அதிகம்.